கார் தூங்கிய இடத்தில் நாம் தூங்கலாமா?

சித்திரை மாதம், இரவு பத்து மணி. வாசல் படியில் உட்கார்ந்தால் காற்று சிலுசிலுவென்று வருகிறது. ஹாலில் மின்விசிறியே போதுமாக இருக்கிறது. ஆனால் முகப்பிலிருந்த கார் ஷெட்டை அடைத்துப் புதிதாக எடுத்த படுக்கையறையில் போய்ப் படுத்தால் உச்சந்தலையில் அனல் இறங்குகிறது. விசிறியை ஐந்தில் வைத்தால் அனல் இன்னும் வேகமாக இறங்குகிறது, அவ்வளவுதான். சூரியன் மறைந்து மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. தெரு ஆறிவிட்டது, மரம் மட்டை எல்லாம் ஆறிவிட்டன. இந்த ஓர் அறை மட்டும் ஏன் இப்போதுதான் சூடேறுகிறது?

திருவக்கரை, மயிலம், வானூர், திண்டிவனம் பக்கம் சொந்த வீடு கட்டியவர்களுக்கு இந்த அறை பழக்கமானது. மகனுக்குக் கல்யாணம், மாமியாருக்கு மாடி ஏற முடியவில்லை, வாடகைக்கு விட ஓர் அறை வேண்டும் என்று ஏதோ ஒரு காரணம் வரும். வீட்டோடு ஒட்டிய போர்டிகோ கண்ணில் படும். கூரை இருக்கிறது, தூண் இருக்கிறது, ஒரு பக்கம் வீட்டுச் சுவரும் இருக்கிறது. மேஸ்திரியும், "நாலரை இஞ்சுல அடைச்சு ஒரு கதவு ஜன்னல் வெச்சா ரூம் ரெடி சார்" என்பார். அவர் சொல்வதில் பொய் இல்லை. நான்கு பக்கமும் சுவர் இருந்தால்தான் அறை என்பது அவர் கணக்கு.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்கு வேறு. அது வெளியிட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, மனிதர் வசிக்கும் அறைக்கு ஒரு சட்டமும் கார் நிற்கும் அறைக்கு வேறொரு சட்டமும் வைத்திருக்கிறது. வசிக்கும் அறையின் உயரம் குறைந்தது 2.75 மீட்டர் இருக்க வேண்டும். கார் ஷெட்டுக்கு 2.4 மீட்டர் போதும். வீட்டின் தரைமட்டம் சுற்றியுள்ள நிலத்தைவிட 45 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். கார் ஷெட்டுக்கு 15 செ.மீ. போதும். வீட்டைவிடக் கார் ஷெட் ஓரடி குட்டை, ஓரடி பள்ளம். கார் வியர்ப்பதில்லை, மூச்சு விடுவதில்லை, பாய் விரித்துப் படுப்பதில்லை. அதனால் அதற்குக் கொடுத்த சலுகைகள் இவை. அந்த இடத்தில் கட்டிலைப் போடுகிறவர், கூரையிலும் தரையிலும் காற்றிலும் தந்த சலுகைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்க வேண்டும். சுவர் எழுப்புவது அதில் கடைசி வேலை. நடைமுறையில் அது முதல் வேலையாகவும், பெரும்பாலும் ஒரே வேலையாகவும் முடிந்துவிடுகிறது.

கூரையிலிருந்து தொடங்குவோம். ஐந்து அங்குலக் கான்கிரீட் கூரையின் மேல்முகம் கோடை மதியத்தில் 55, 60 டிகிரி செல்சியஸ் வரை போகும். வெறுங்காலோடு வடகம் காயப்போடப் போனவர்களுக்கு இந்த எண் தேவையில்லை. அந்தச் சூடு உடனே அறைக்குள் வந்துவிடுவதில்லை என்பதுதான் விஷயம். மேல்முகம் முதலில் சூடாகும். அது தன் கீழிருக்கும் அடுக்கைச் சூடாக்கும், அந்த அடுக்கு தனக்குக் கீழுள்ளதை. ஒவ்வோர் அடுக்கும் வந்த வெப்பத்தில் ஒரு பங்கைத் தான் பிடித்து வைத்துக்கொண்டு மீதியைத்தான் கீழே தள்ளும். ஆகவே மேலே உச்சச் சூடு மதியம் ஒரு மணிக்கு என்றால், கீழ்முகத்தில் உச்சம் வர மேலும் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். இதை வெப்பப் பின்னடைவு என்று சொல்லலாம். மாலை ஐந்து மணிக்கு உச்சம் தொட்ட கீழ்முகம் அதன்பின் ஆறத் தொடங்கும். ஆனால் கான்கிரீட்டின் வயிற்றுக்குள் பகலெல்லாம் சேர்ந்த வெப்பம் அதற்குள் தீர்ந்துவிடாது. அதில் பாதி மேலே வானத்துக்குப் போகும், பாதி கீழே உங்கள் கட்டிலுக்கு வரும். கான்கிரீட் கூரை சீட்டுக் கட்டுகிற ஆள்: பகலெல்லாம் தவணை கட்டி இரவில் மொத்தமாக எடுப்பது அதன் வழக்கம். தகரக் கூரைக்கு அந்தப் பழக்கம் இல்லை, அன்றாடங்காய்ச்சி. வெயில் வந்ததும் கொதிக்கும், வெயில் போனதும் ஆறிவிடும். தகர ஷெட்டில் மதியம் உட்கார முடியாது, இரவில் படுக்கலாம். கான்கிரீட் ஷெட்டில் மதியம் சமாளிக்கலாம், இரவில் முடியாது. படுக்கையறைக்கு எது மோசம் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெப்பம் இப்படி அலையாக, தாமதித்தும் தேய்ந்தும் இறங்குகிறது என்பது எப்படித் தெரியும்? இதற்கான கணிதத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஃபூரியே 1822இல் வெளிவந்த தம் நூலில் வகுத்துக் கொடுத்தார். மண்ணில் இறங்கிப் பார்த்தவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ். 1837இல் எடின்பரோ நகரின் கால்டன் குன்றில் மிக நீண்ட தண்டுள்ள வெப்பமானிகளை 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி ஆழங்களில் புதைத்தார். தண்டின் மேல் நுனி தரைக்கு வெளியே நின்றதால், தோண்டாமலே ஆண்டு முழுவதும் படித்துக் குறிக்க முடிந்தது. ஆழம் கூடக் கூட இரண்டு மாற்றங்கள் தெரிந்தன. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிக்கொண்டே போனது. அந்த ஆழத்தின் "கோடை" மேலும் மேலும் தாமதமாக வந்தது. 24 அடி ஆழத்தில் தாமதம் ஏறத்தாழ அரை ஆண்டு. மேலே பனிக்காலம் நடக்கும்போதுதான் கீழே கோடை உச்சம் தொட்டது. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாக இருப்பதும் இதே குடும்பத்து விஷயம். ஃபோர்ப்ஸ் ஆண்டு அலையை மண்ணில் பார்த்தார். உங்கள் போர்டிகோ கூரையில் ஒரு நாளின் அலை ஐந்து அங்குலக் கான்கிரீட்டில் இறங்குகிறது. அளவுதான் வேறு, நடப்பது ஒன்று.

அப்படியானால் ஹாலின் கூரையும் கான்கிரீட்தானே, அங்கே ஏன் இந்தத் தொல்லை இல்லை? இரண்டு காரணங்கள். ஹாலுக்கு மேல் பெரும்பாலும் மாடி அறை இருக்கும், அல்லது வெதரிங் கோர்ஸ் இருக்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குக் கொட்டி, கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது தமிழ்நாட்டு மொட்டைமாடியின் பழைய முறை. மழைநீர் வடியவும் கசியாமலிருக்கவும் போடுவது என்று நினைக்கிறோம். செங்கல் ஜல்லிக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைக் கடத்த மறுப்பதால், சத்தமில்லாமல் அது இன்னொரு வேலையும் செய்கிறது. போர்டிகோ கூரைக்கு இதைப் போடுகிறவர் குறைவு. "கார் நிக்கிற இடத்துக்கு எதுக்கு?" என்று ஒரு சிமெண்ட் பூச்சோடு விட்டிருப்பார்கள். அந்தக் கூரை போன ஆண்டும் இதே வெப்பத்தை இதே இரவு பத்து மணிக்குக் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. மூன்று பக்கமும் திறந்திருந்ததால் காற்று அள்ளிக்கொண்டு போனது, கீழே படுத்து அனுபவிக்கவும் ஆளில்லை.

எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு, ஒரு கூரை எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதற்கு வரம்பு வைக்கிறது. மேலே கீழே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியே 1.2 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. வெறும் ஐந்து அங்குலக் கான்கிரீட் ஏறத்தாழ அதன் மூன்று மடங்கை விடும்.

விசிறி ஏன் உதவவில்லை என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. நம் உடம்புக்குச் சூடு இரண்டு வழியில் தெரிகிறது. ஒன்று, தொடும் காற்றின் வெப்பம். மற்றொன்று, சுற்றியுள்ள பரப்புகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக அனுப்பும் வெப்பம். நம் தோல் 33, 34 டிகிரியில் இருக்கும். கூரையின் அடிப்புறம் 40 டிகிரியில் இருந்தால், காற்று 31 டிகிரியாகவே இருந்தாலும் கூரை நம்மைச் சூடேற்றிக்கொண்டிருக்கும். காற்று கதிரைத் தடுக்காது. விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கதிர் அதைத் தாண்டி வந்து சேரும். போதாக்குறைக்கு, கூரையை ஒட்டித் தேங்கிய சூடான காற்றைத்தான் விசிறி முதலில் கீழே இறக்குகிறது.

இதை அளக்கவும் எளிய கருவி உண்டு. செம்பாலான 15 செ.மீ. உருண்டைக்குக் கறுப்பு வண்ணம் பூசி, நடுவில் வெப்பமானியைச் செருகித் தொங்கவிடுவார்கள். 1930களில் இங்கிலாந்தில் வெர்னன் என்பவர் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பக்கத்தில் சாதாரண வெப்பமானி ஒன்று. இரண்டும் ஒன்றாகக் காட்டினால் பிரச்சினை காற்றில் இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் தீரும். கறுப்பு உருண்டை கூடுதலாகக் காட்டினால் பிரச்சினை கூரையிலும் சுவரிலும் இருக்கிறது. கருவி இல்லாதவர் கட்டில்மேல் ஏறி நின்று உள்ளங்கையைக் கூரைக்கு ஒரு சாண் கீழே, தொடாமல் பிடித்துப் பார்க்கலாம். பிறகு அதே கையைத் தரைப்பக்கம் திருப்ப வேண்டும். வித்தியாசம் கையிலேயே தெரியும்.

மருந்து எங்கே போட வேண்டும் என்பதும் இதிலிருந்து கிடைக்கிறது. வெயில் கான்கிரீட்டுக்குள் நுழையுமுன் மறித்துவிட்டால் சேமிப்பே இருக்காது. எனவே கூரையின் மேல்புறம்தான் முதல் இடம். மலிவானது வெள்ளையடிப்பு. பழுப்பேறிப் பாசி படிந்த கான்கிரீட், தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை அறிவித்ததற்கு அடிப்படை இந்தச் சின்ன விஷயம்தான். திருவக்கரைப் பக்கத்துக்கு ஒரு கூடுதல் கவனிப்பு வேண்டும். கல்குவாரிகளும் கிரஷர்களும் உள்ள வட்டாரம், லாரி போகிற சாலையோரம் என்றால் வெள்ளைக்கூரை சில மாதங்களில் சாம்பல் நிறமாகும். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது கூரையையும் கழுவிவிட்டால் கோடைக்குத் தயார். வெதரிங் கோர்ஸ் போடுவது அதைவிட நிலையான வழி. ஆனால் போர்டிகோ கூரை அந்தப் பாரத்தைத் தாங்கும்படி கட்டப்பட்டதா என்று பொறியாளரைக் கேட்காமல் ஏற்றக் கூடாது. தூணில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் கூரை என்றால் கேட்டே ஆக வேண்டும். உள்ளே ஜிப்சம் பால்ஸ் சீலிங் போடுவதை நான் மூன்றாம் இடத்தில் வைப்பேன். கதிரைக் கொஞ்சம் மறைக்கும், உண்மைதான். ஆனால் அது உயரத்தைத் தின்னும். இந்த அறையில் தங்கத்தைவிட அரிதானது உயரம். ஏன் என்பது தரைக்கு வரும்போது தெரியும்.

இனி தரைக்கு வருவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் நின்று பெய்தது. ஒரே நாளில் மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை. சங்கராபரணி ஆறு கரைபுரண்டது. கட்டட விதியிலுள்ள 15 செ.மீ., 45 செ.மீ. என்ற எண்கள் ஏன் இருக்கின்றன என்று யாருக்காவது சந்தேகம் இருந்திருந்தால் அன்று தீர்ந்திருக்கும். தெருவில் முழங்காலுக்குக் கீழே நின்ற தண்ணீர் வீட்டுப்படியோடு நின்றுவிட, கார் ஷெட்டில் தாராளமாகப் புகும். கார் ஷெட்டின் தரையே வாசல் பக்கம் சரித்துப் போட்டிருப்பது. கழுவிய தண்ணீர் வடிவதற்காக வைத்த அந்தச் சரிவு, அதே வழியில் வெளித் தண்ணீரையும் வரவேற்கும்.

வெள்ளம் எப்போதோ வருவது. தினமும் வருவது ஓதம். தரைக்கடியில் உள்ள ஈரம் செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள நுண்ணிய துளைகள் வழியே மேலே ஏறுகிறது. இயற்பியல் பாடநூலில் இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். தண்ணீருக்குக் கண்ணாடி, செங்கல் போன்ற பரப்புகளோடு ஒட்டிக்கொள்ளப் பிடிக்கும். துளை குறுக இழுப்பு கூடும். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும் என்று 1718இல் லண்டனில் ஜேம்ஸ் ஜூரின் காட்டினார். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் தண்ணீர் 3 செ.மீ. ஏறும். அதில் நூறில் ஒரு பங்கு விட்டத்தில் 3 மீட்டர் ஏறும். செங்கல்லின் துளைகள் பல அந்த அளவில்தான் இருக்கின்றன. கணக்குப்படி ஓதம் ஓர் ஆளை மூழ்கடிக்கும் உயரத்துக்குப் போக வேண்டும். நடப்பில் மூன்றடி உயரத்தில் நின்றுவிடுகிறது. ஏறுகிற தண்ணீர் வழியெல்லாம் சுவரின் முகத்திலிருந்து ஆவியாகிக்கொண்டே போவதுதான் காரணம். ஏற்றமும் ஆவியாதலும் சமமாகும் உயரத்தில் ஈரக்கோடு நிற்கும்.

இதை வீட்டில் சோதிக்கலாம். ஒரே சூளையின் இரண்டு செங்கற்களை ஒரு தட்டுத் தண்ணீரில் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்றொன்றின் பக்கங்களைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றுங்கள். மின்விசிறிக்குக் கீழே வைத்து மறுநாள் பார்த்தால், தாள் சுற்றியதில் ஈரம் மேலே ஏறியிருக்கும். ஓதம் அடிக்கும் சுவருக்கு நீர்புகாப் பூச்சும் எண்ணெய்ப் பெயிண்டும் அடிக்கிறவர்கள் செய்வது இதைத்தான். ஆவி போக வழி அடைபட்டதும் தண்ணீர் வழி தேடி இன்னும் மேலே ஏறுகிறது. மூன்றடியில் இருந்த கறை ஐந்தடிக்குப் போனதும் பெயிண்ட் கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

தண்ணீர் தனியாகவும் வருவதில்லை. மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக் கொண்டுவரும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. சுவரின் முகத்தில் வெள்ளையாகப் பூக்கும். பூச்சுக்குள்ளேயே படிகமானால் பூச்சைப் பொரிய வைத்து உதிர்க்கும். கரைத்ததைத் துளைகள் வழியே சுமந்துபோய் வேறிடத்தில் வைக்கும் இந்தக் குணத்துக்குத் திருவக்கரையைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பராமரிக்கும் தேசியக் கல்மரப் பூங்காவில், சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781இலேயே இவற்றைப் பற்றிக் குறித்தார். அடிமரங்கள் கிடந்த கோலத்தில் இருக்கின்றன. கிளை, பட்டை, வேர் இல்லை. அவை அங்கேயே முளைத்தவை அல்ல, வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து போட்டவை என்று புவியியலாளர்கள் முடிவுக்கு வந்தது இதை வைத்துத்தான். மணலில் புதைந்த அந்த மரங்களின் நுண்துளைகளுக்குள் நிலத்தடி நீர் சிலிக்காவைக் கொண்டுவந்து வைத்தது. மரத்தின் வரிகள்கூட அழியாமல் கல்லாயின. அங்கே தண்ணீர் வைத்துவிட்டுப் போனது சிலிக்கா, அதனால் மரம் உறுதியானது. உங்கள் அறையில் வைப்பது உப்பு, அதனால் பூச்சு உதிர்கிறது.

வீட்டின் பிரதான சுவர்களுக்கு அடிமட்டத்தில் ஓதத் தடுப்பு வரிசை போட்டிருப்பார்கள். கார் ஷெட்டின் தரைக்கடியில் எதுவும் இருக்காது. உங்கள் தரையில் ஓதம் இருக்கிறதா என்று அறிய, இரண்டு முழம் சதுரத்துக்குக் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரங்களையும் டேப் போட்டு ஒட்டி ஓரிரவு விடுங்கள். காலையில் தாளின் அடிப்பக்கம் துளிகள் நின்றால் ஈரம் தரையிலிருந்து வருகிறது. மேல்பக்கம் துளிகள் நின்றால் அது காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்த பரப்பில் படிந்தது. இரண்டுக்கும் மருந்து வேறு. இரண்டாவதற்குக் காற்றோட்டம் போதும். முதலாவதற்குத் தரையைத் திறக்க வேண்டும். பழைய தரையை உடைத்து, கெட்டித்த மண்ணின்மேல் பெருஞ்ஜல்லி அடுக்கு போட வேண்டும். ஜல்லிகளுக்கு இடையிலான பெரிய இடைவெளியில் ஜூரின் விதிப்படி தண்ணீரால் ஏற முடியாது. அதன்மேல் கிழியாத தடிமனான பாலித்தீன் தாளை, ஓரங்கள் சுவரில் ஏறும்படி விரித்து, கான்கிரீட் போட்டு டைல்ஸ் பதிக்கலாம். நேரே பழைய தரைமேல் டைல்ஸ் ஒட்டினால், இணைப்புக்கோடுகள் வழியே ஆவியும் உப்பும் வந்துகொண்டே இருக்கும்.

தரையை எப்படியும் திறக்கிறோம், அப்படியே வீட்டுத் தரைமட்டத்துக்கு ஓரடி உயர்த்திவிடலாமே என்று தோன்றும். செய்ய வேண்டியதும் அதுதான். இங்கேதான் உயரம் உதைக்கும். 2.4 மீட்டர் உயரக் கார் ஷெட்டில் 30 செ.மீ. தரை ஏறினால் மீதி 2.1 மீட்டர், ஏழடிக்கும் கொஞ்சம் குறைவு. விசிறி காற்றை இழுக்கக் கூரைக்கும் இறக்கைக்கும் இடையே ஓரடியாவது வேண்டும். அப்படியானால் இறக்கை 1.8 மீட்டர் உயரத்தில், ஆறடிக்காரரின் உச்சந்தலையில் சுற்றும். பால்ஸ் சீலிங் போட்டால் அதுவும் இல்லை. போர்டிகோ கூரை வீட்டுக்கூரையின் மட்டத்திலேயே இருந்தால் கவலை இல்லை, தாராளமாக உயர்த்தலாம். சன்ஷேடு மட்டத்தில் போட்ட தாழ்ந்த கூரை என்றால் என் தீர்ப்பு இதுதான்: கூரையை எடுத்துப் புதிதாகப் போடுங்கள், அல்லது அதைச் சாமான் அறையாகவோ தையல் மெஷின் அறையாகவோ விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் செய்கிற செலவெல்லாம் வீண்.

அடுத்தது மூச்சு. தூங்குகிற ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். 3 மீட்டருக்கு 6 மீட்டர், 2.4 மீட்டர் உயரம் உள்ள அறையில் சுமார் 43,000 லிட்டர் காற்று இருக்கும். ஏசிக்காக எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டு இருவர் படுத்தால், கரியமில வாயுவின் அளவு ஒரு மணி நேரத்தில் பத்து லட்சத்தில் 550 பங்கு கூடும். வெளிக்காற்றில் ஏற்கெனவே 420 பங்குக்கு மேல் இருக்கிறது. மூனிக் நகரின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858லேயே வசிக்கும் அறைக்கு வகுத்த வரம்பு பத்து லட்சத்தில் 1,000 பங்கு. கதவைச் சாத்திய ஒரு மணி சொச்சத்தில் அதைத் தொட்டுவிடுவோம். இந்த அளவுக் கரியமில வாயு விஷமல்ல. அறைக்காற்று எவ்வளவு பழையதாகிவிட்டது என்று காட்டும் அடையாளமாகத்தான் அவர் அதை எடுத்துக்கொண்டார். வீட்டு ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. பலர் இதை இன்னும் நம்புவதில்லை.

நம்முடையது போன்ற வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு காற்றுவழி வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. 18 சதுர மீட்டர் அறைக்கு 3 சதுர மீட்டர், அதாவது நாலுக்கு நாலு அடி ஜன்னல் இரண்டு. அவை எதிரெதிரே இருக்க வேண்டும். நுழையும் காற்றுக்கு வெளியேற வழி இல்லாவிட்டால் அது நுழையவே நுழையாது. சாயங்காலக் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், அந்தப் பக்கம் ஒன்று இருந்தால் நல்லது. பலர் கவனிக்காத ஒன்று: போர்டிகோவைப் பார்த்து ஹாலுக்கு ஒரு பெரிய ஜன்னல் இருந்திருக்கும். போர்டிகோ அறையானதும் அந்த ஜன்னல் வெளிக்காற்றைப் பார்க்காமல் இன்னொருவர் படுக்கையைப் பார்க்கிறது. திரை போட்டு மூடிவிடுவார்கள். ஆக ஓர் அறை கூடுகிறது, ஹால் இருட்டிப் புழுங்குகிறது. இந்த மாற்றத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது புது அறையை அல்ல, ஹாலைத்தான்.

கார் எங்கே போனது என்பதும் ஒரு கேள்வி. பெரும்பாலும் புது அறையின் ஜன்னலை ஒட்டி வாசலில் நிற்கும். காலையில் எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக் குழந்தைகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் புகைக்குழாய் ஜன்னலைப் பார்த்திருந்தால், கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். மின்வெட்டு நாளில் ஓடும் ஜெனரேட்டருக்கும் இதே எச்சரிக்கை. போர்டிகோ மூலையில் இன்வெர்ட்டர் பேட்டரி இருந்திருந்தால் அதை அறைக்குள்ளேயே விட்டுச் சுவர் எழுப்பிவிடாதீர்கள். நீர் ஊற்றும் ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியாகும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு ஸ்விட்ச் பொறி போதும். திறந்த போர்டிகோவில் அது சேர வாய்ப்பே இருந்ததில்லை.

சுவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மேற்குப் பக்கம் மட்டுமாவது ஒன்பது அங்குலமாக எழுப்பினால் மாலை வெயிலின் வெப்பப் பின்னடைவு கூடி, உள்ளே வரும் அளவும் தேயும். இரும்பு ஷட்டரை அப்படியே விட்டு உள்ளே பிளைவுட் அடிக்கிற வேலை வேண்டாம். பழைய கான்கிரீட் தூணும் புதிய செங்கற்சுவரும் சேரும் கோட்டில் விரிசல் வரும். ஒரே வெயிலில் கான்கிரீட் செங்கல்லைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் இது கொத்தனாரின் குறை அல்ல. பூசுமுன் அந்தக் கோட்டில் கோழிவலை அடித்தால் விரிசல் பரவாது. புதுச் சுவரைத் தரைமேல் நிறுத்தாமல் அதற்கென்று அடித்தளம் எடுக்க வேண்டும். அனுமதி பெற்ற வரைபடத்தில் வண்டி நிறுத்துமிடம் என்று காட்டியதை அறையாக்குவது 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி திருத்தப்பட்ட அனுமதி கேட்கும் மாற்றம். ஊராட்சி அலுவலகத்தில் முன்பே பேசிவிடுவது நல்லது.

எப்போது தொடங்குவது? மேஸ்திரி கிடைக்கும் மாதத்தில் என்பதுதான் வழக்கமான பதில். முடிந்தால் சுவர் எடுக்குமுன் ஓர் ஐப்பசி கார்த்திகையில் அந்த இடத்தில் பாலித்தீன் தாளை ஒட்டிப் பாருங்கள், அடைமழையில் தண்ணீர் எதுவரை வருகிறது என்று தூணில் கரித்துண்டால் கோடு போட்டு வையுங்கள். சித்திரையில் மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டி, ஒரு கயிற்றுக்கட்டிலைப் போட்டு, இரவு பத்து மணிக்குப் படுத்துப் பாருங்கள். தார்ப்பாய் வாடகை சில நூறு ரூபாய்தான் ஆகும்.